தோல் புற்றுநோய்க்கு எடுத்த ஸ்கேனில் வேறொன்று தென்பட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெலனோமா என்ற தோல் புற்றுக்காக ஸ்கேன் எடுத்தேன். அறிக்கையில் "தைராய்டில் ஒரு முடிச்சு", "அட்ரீனலில் சிறு கட்டி" என்று ஏதோ எழுதியிருக்கிறது. புற்றுநோய் பரவிவிட்டதா?

அந்த வரியை மட்டும் வைத்துக்கொண்டு அப்படி முடிவுகட்ட முடியாது. பெரியவர்கள் யாரை முழு உடல் ஸ்கேன் எடுத்தாலும் ஏதாவது ஒன்று தென்படவே செய்யும்: கல்லீரலில் நீர்க்கட்டி, பித்தப்பையில் கல், நுரையீரலில் பழைய தழும்பு, முதுகெலும்பில் ரத்தநாளக் கட்டி. வருடக்கணக்காக ஒரு தொந்தரவும் தராமல் இருந்தவை இவை. தேடிப் போனது ஒன்று, கண்ணில் பட்டது வேறொன்று என்பதால் இவற்றை எதிர்பாராத கண்டுபிடிப்புகள் என்கிறோம்.

ஆனால் மெலனோமா உள்ளவருக்கு "பொதுவாக ஒன்றுமிருக்காது" என்று தட்டிக்கழிக்கவும் முடியாது. தோலில் தொடங்கும் புற்றுகளில் மெலனோமா எந்த உறுப்புக்கும் போகக்கூடியது. நுரையீரல், கல்லீரல், மூளை, எலும்பு மட்டுமல்ல, மற்ற புற்றுகள் அரிதாகவே எட்டும் சிறுகுடல், பித்தப்பை போன்ற இடங்களுக்கும் அது போகும். ஆகவே கண்ணில் பட்ட ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு பதில் தேவை: இது மெலனோமாவின் பரவல், இது தனியான வேறொரு நோய், அல்லது இது தீங்கற்றது.

எல்லா தோல் புற்றுநோய்க்கும் ஸ்கேன் தேவையா?

இல்லை. அடித்தள செல் புற்று வேறு உறுப்புக்குப் பரவுவது மிக அரிது. ஆழமாக வேரோடியிருந்தாலோ, கண்ணுக்கும் மூக்குக்கும் அருகில் இருந்தாலோ அந்த இடத்தை மட்டும் படம் எடுப்பார்கள். செதிள் செல் புற்றில் அபாயம் கூடியவர்களுக்கு நிணநீர் முடிச்சுகளைப் பார்க்க வேண்டியிருக்கும். மெலனோமாவில் அறிகுறி ஏதுமில்லாத முதல் நிலையிலும் இரண்டாம் நிலையின் தொடக்கத்திலும் (2ஏ வரை) வழக்கமாக முழு உடல் ஸ்கேன் பரிந்துரைக்கப்படுவதில்லை. அந்த நிலையில் பரவல் அகப்படும் வாய்ப்பு மிகக் குறைவு. தேவையில்லாத கண்டுபிடிப்பும் அதைத் துரத்திச் சென்று திசு எடுக்கும் ஊசிகளும்தான் மிஞ்சும். தடிப்பு கூடிய 2பி, 2சி நிலைகளிலும், நிணநீர் முடிச்சில் நோய் உறுதியான மூன்றாம் நிலையிலும், அதற்கு மேலும் பெட்-சிடி அல்லது மருந்து செலுத்திய சிடி, கூடவே மூளை எம்ஆர்ஐ எடுப்பது பொருத்தம்.

மனநிம்மதிக்காக ஒரு ஸ்கேன் என்று கேட்பவர்களிடம் நாங்கள் வலியுறுத்திச் சொல்வது இதுதான்: காரணமில்லாமல் எடுத்த ஸ்கேன் நிம்மதியைவிடப் புதுக் கவலையைக் கொடுப்பதே அதிகம்.

பெட் ஸ்கேனில் ஒளிர்ந்தால் புற்றுநோய்தானே?

அப்படியில்லை. பெட் ஸ்கேனில் செலுத்தப்படும் எஃப்டிஜி என்பது கதிரியக்கம் ஏற்றிய குளுக்கோஸ் போன்ற ஒரு பொருள். குளுக்கோஸை அதிகம் விழுங்கும் செல்கள் படத்தில் பளிச்சென்று தெரியும். புற்றுசெல் அப்படி விழுங்கும். வீக்கத்தில் குவியும் வெள்ளை அணுக்களும் அப்படியே விழுங்கும். ஆறிக்கொண்டிருக்கும் அறுவைத் தழும்பு, சிறு விலா எலும்பு முறிவு, காசநோய் முடிச்சு, மூட்டழற்சி, பல் வேரில் சீழ் எல்லாமே ஒளிரும். மூளையும் இதயத் தசையும் நோயில்லாமலேயே ஒளிரும். மருந்து சிறுநீரில் வெளியேறுவதால் சிறுநீரகமும் சிறுநீர்ப்பையும் எப்போதும் பளிச்சென்றுதான் இருக்கும். மாதவிடாய் நிற்காத பெண்களில் சுழற்சியின் நடுவில் சினைப்பை ஒளிர்வதும் இயல்பு. அதனால் கடைசி மாதவிடாய்த் தேதியைக் கேட்டால் சரியாகச் சொல்லுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. சுமார் 8 மி.மீ.க்குக் கீழே உள்ள நுரையீரல் முடிச்சு புற்றாகவே இருந்தாலும் பெட்டில் ஒளிராமல் போகலாம். மூளையே இயல்பில் ஒளிர்வதால் அங்குள்ள சிறு பரவல் அந்த ஒளியில் மறைந்துவிடும். மூளைக்குத் தனியாக எம்ஆர்ஐ கேட்பது இதனால்தான்.

அறிக்கையில் எஸ்யூவி 6.2 என்று போட்டிருக்கிறார்கள். அது ஆபத்தான எண்ணா?

எஸ்யூவி என்பது அந்த இடம் எவ்வளவு மருந்தை உறிஞ்சியது என்பதற்கான அளவு. இதற்கு மேல் புற்று, இதற்குக் கீழ் இல்லை என்று கோடு போட முடியாது. ரத்த சர்க்கரை, உடல் எடை, ஊசி போட்டபின் காத்திருந்த நேரம், இயந்திரம் எல்லாமே அந்த எண்ணை மாற்றும். ஒரே மையத்தில் ஒரே முறையில் எடுத்த இரண்டு ஸ்கேன்களை ஒப்பிடும்போதுதான் அது உதவும். தனி எண்ணை இணையத்தில் தேடிப் பார்க்காதீர்கள்.

நுரையீரலில் 5 மி.மீ. முடிச்சு என்கிறார்கள். மூன்று மாதம் காத்திருக்கச் சொன்னது சரியா?

பெரும்பாலும் சரி. மெலனோமா உள்ளவர்களிடம் அதிகம் தடுமாற வைப்பது இந்தக் கண்டுபிடிப்புதான். கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

நுரையீரல் முடிச்சுகளை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதற்கு உலகெங்கும் புழங்கும், நெஞ்சுப் படங்களை ஆராயும் நிபுணர்களின் ஃப்ளைஷ்னர் சங்கத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டி, ஏற்கெனவே புற்றுநோய் உள்ளவர்களுக்குப் பொருந்தாது என்று அந்த வழிகாட்டியே சொல்கிறது. சாதாரண ஒருவரிடம் 6 மி.மீ.க்குக் குறைவான முடிச்சைப் பல நேரம் அப்படியே விட்டுவிடலாம். மெலனோமா உள்ளவரிடம் அப்படி விடாமல், சுமார் மூன்று மாதத்தில் மறுபடி சிடி எடுத்துப் பார்ப்பது வழக்கம். 5 மி.மீ. முடிச்சில் ஊசி போட்டுத் திசு எடுப்பது கடினம். நுரையீரலில் காற்று கசியும் ஆபத்தும் உண்டு. பெட்டும் அந்த அளவில் நம்பகமாகப் பேசாது. எனவே காத்திருந்து பார்ப்பதும் ஒரு பரிசோதனைதான்: பரவல் என்றால் வளரும், தழும்பு என்றால் அப்படியே இருக்கும்.

வளர்ந்ததா என்று எப்படி அறிவது? முடிச்சின் விட்டம் கால்பங்கு கூடினாலே அதன் கன அளவு இரண்டு மடங்காகிவிடும். 6 மி.மீ. முடிச்சு 7.5 மி.மீ. ஆனால் கிட்டத்தட்ட இரட்டிப்புதான். ஆனால் இவ்வளவு சிறிய முடிச்சுகளில் 1 முதல் 2 மி.மீ. வித்தியாசம் வெறும் அளவெடுப்புப் பிழையாகவும் இருக்கலாம். ஒரு அறிக்கையில் 5, இன்னொன்றில் 6 என்றிருந்தால் பதற வேண்டியதில்லை, அலட்சியமும் கூடாது. இரண்டு படங்களையும் ஒரே மருத்துவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளக்க வேண்டும். இரண்டும் 1 மி.மீ. அளவிலான மெல்லிய வெட்டுகளாக, மூச்சை இழுத்துப் பிடித்து எடுத்தவையாக இருப்பது நல்லது. பெட்-சிடியோடு வரும் சிடியை இயல்பாக மூச்சுவிட்டபடியே, குறைந்த கதிர்வீச்சில் எடுப்பார்கள். அதில் சிறு முடிச்சுகள் மங்கலாகத் தெரியும், சில தெரியாமலே போகும். அதோடு தனி சிடியை ஒப்பிட்டு "புதிதாக முளைத்தது" என்று எழுதப்பட்ட முடிச்சு, உண்மையில் அன்றும் அங்கே இருந்திருக்கலாம்.

முடிச்சின் தோற்றமும் துப்புத் தரும். உள்ளே கொழுப்போ, நடுவில் அல்லது முழுவதும் சுண்ணாம்புப் படிவோ இருந்தால் தீங்கற்றது என்று நம்பலாம். நுரையீரல் மடல்களைப் பிரிக்கும் பிளவை ஒட்டி முக்கோண வடிவில் இருப்பது பெரும்பாலும் சிறு நிணநீர் முடிச்சு. உருண்டையாக, விளிம்பு சீராக, இரு பக்கமும் பல இருந்தால் பரவலைச் சந்தேகிக்க வேண்டும். பனிமூட்டம் போல் மங்கலான ஒற்றைத் திட்டு, மெலனோமாவைவிட நுரையீரலிலேயே தோன்றும் புற்றையோ சாதாரண அழற்சியையோதான் அதிகம் நினைவூட்டும்.

தைராய்டில் ஒளிர்வு என்றால்?

தைராய்டு முழுவதும் ஒரே சீராக ஒளிர்ந்தால் அது பெரும்பாலும் தைராய்டு அழற்சி. தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் அளவை ரத்தத்தில் பரிசோதித்தால் போதும். ஒரே இடத்தில் புள்ளியாக ஒளிர்ந்தால் அதை விடக்கூடாது. பெட் எடுக்கும் 100 பேரில் ஒன்றிரண்டு பேருக்கு இப்படித் தென்படும். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது தைராய்டு புற்றாக இருக்கும். அல்ட்ராசவுண்ட் எடுத்து, முடிச்சு 1 செ.மீ.க்கு மேல் இருந்தால் மெல்லிய ஊசியால் செல்களை எடுத்துப் பார்ப்பார்கள். அது தைராய்டு புற்றாகவே இருந்தாலும் பல வகைகள் மெதுவாக வளர்பவை. மூன்றாம், நான்காம் நிலை மெலனோமாவுக்குச் சிகிச்சை நடக்கும்போது, எதை முதலில் கவனிப்பது என்று மருத்துவர்கள் கூடிப் பேசி முடிவெடுப்பதே முறை. அவசரமாகத் தைராய்டு அறுவை செய்து, மெலனோமா சிகிச்சையைத் தள்ளிப்போடுவது பல நேரம் தவறு.

அட்ரீனல் கட்டியை ஊசி போட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். போடலாமா?

ரத்தப் பரிசோதனை முடியும்வரை போடக்கூடாது. வயிற்று சிடி எடுக்கும் 100 பேரில் நான்கைந்து பேருக்கு, சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியில் ஏதாவது தென்படும்; பெரும்பாலும் தீங்கற்ற அடினோமா. ஆனால் மெலனோமாவும் அட்ரீனலுக்குப் போகும். ஃபியோக்ரோமோசைட்டோமா என்ற அரிய கட்டியும் அங்கேதான் வரும். அதில் ஊசி பட்டால் அட்ரினலின் கொட்டி ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தான அளவுக்கு எகிறும்.

வரிசை இப்படி இருக்க வேண்டும். முதலில் பழைய படங்களைத் தேடுங்கள். வருடக்கணக்கில் அளவு மாறாத கட்டி பரவலாக இருக்க வாய்ப்பில்லை. அடுத்து, மருந்து செலுத்தாத சிடியில் அதன் அடர்த்தியைப் பார்க்க வேண்டும். கட்டி முழுவதும் சீராக 10 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு அல்லது அதற்குக் கீழே இருந்தால் அது கொழுப்பு நிறைந்த அடினோமா. பரவல் என்ற கேள்வி அங்கேயே முடிகிறது. 10க்கு மேல் இருந்தால், ஃபியோக்ரோமோசைட்டோமா இல்லை என்று உறுதிசெய்ய, ரத்தத்தில் அல்லது 24 மணிநேரச் சிறுநீரில் மெட்டாநெஃப்ரின் (அட்ரினலின் சிதைந்து வரும் பொருள்) அளவு பார்க்க வேண்டும். அதோடு, இரவு 11 மணி அளவில் 1 மி.கி. டெக்ஸாமெத்தசோன் மாத்திரை, மறுநாள் காலை 8 மணி அளவில் கார்ட்டிசால் (அட்ரீனல் சுரக்கும் ஹார்மோன்) பரிசோதனை: 1.8 மைக்ரோகிராம்/டெ.லி. அல்லது அதற்குக் கீழே வந்தால் கட்டி தன்னிச்சையாகக் கார்ட்டிசால் சுரக்கவில்லை என்று பொருள். ரத்த அழுத்தம் அதிகமாகவோ பொட்டாசியம் குறைவாகவோ இருந்தால் ரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஆல்டோஸ்டிரோன், ரெனின் இரண்டின் பரிசோதனையும் சேரும்.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று: இம்யூனோதெரபியின் (நோயெதிர்ப்பைத் தூண்டும் சிகிச்சை) பக்கவிளைவுக்காக நீங்கள் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இந்தக் கார்ட்டிசால் பரிசோதனையின் விடையை நம்ப முடியாது. பரிசோதனை எழுதும் மருத்துவரிடம் இதை நீங்களே சொல்லிவிடுங்கள்.

கல்லீரல், சிறுநீரக நீர்க்கட்டிகள்?

சுவர் மெல்லியதாக, உள்ளே வெறும் நீர் மட்டும் இருந்தால் பின்தொடரவே தேவையில்லை. கல்லீரலில் "இன்னதென்று சொல்ல முடியாத அளவுக்குச் சிறியது" என்று எழுதியிருந்தால் மருந்து செலுத்திய எம்ஆர்ஐ பெரும்பாலும் விடை சொல்லிவிடும். ரத்தநாளக் கட்டி, நீர்க்கட்டி, பரவல் மூன்றும் அதில் வேறு வேறாகத் தெரியும். மெலனின் நிறமி சில பரவல்களை எம்ஆர்ஐயின் டி1 என்ற படவகையில் தானாகவே வெள்ளையாகக் காட்டும். கண்ணில் தொடங்கிய மெலனோமா என்றால் கல்லீரலைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். அது முதலில் போகும் இடம் பெரும்பாலும் கல்லீரல்தான்.

பெருங்குடலில் ஒளிர்வு?

சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்குக் குடல் நீளமாகவே ஒளிரும். அது மாத்திரையின் வேலை. ஒரே இடத்தில் புள்ளியாக ஒளிர்ந்தால் கொலனோஸ்கோப்பி (குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) வேண்டும். அப்படிப் பார்க்கப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் புற்றாக மாறக்கூடிய பாலிப்போ (குடலின் உள்சுவரில் முளைக்கும் சிறு வளர்ச்சி) புற்றோ அகப்படுகிறது. சிறுகுடலில் புள்ளி ஒளிர்வும், காரணம் தெரியாத ரத்தசோகையும் சேர்ந்து வந்தால் மெலனோமா பரவலை முதலில் நினைக்க வேண்டும்.

காதுக்குக் கீழே பரோட்டிட் என்ற உமிழ்நீர்ச் சுரப்பியில் ஒளிரும் கட்டி. உச்சந்தலையில் இருந்த மெலனோமா அங்கே வந்துவிட்டதா?

வரலாம். உச்சந்தலை, நெற்றி, காது ஆகியவற்றின் நிணநீர் பரோட்டிட் வழியாகத்தான் வடிகிறது. ஆனால் வார்த்தின் கட்டி என்ற தீங்கற்ற ஒன்று, குறிப்பாகப் புகைப்பவர்களிடம், பெட்டில் புற்றைப் போலவே பளிச்சென்று ஒளிரும். படத்தை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. அல்ட்ராசவுண்ட் துணையோடு ஊசி போட்டால் எளிதில் தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் "பரவல்" என்று எழுதி ஒருவரின் நோய்நிலையை உயர்த்தக்கூடாது.

நரம்புறைக் கட்டியும் இதே போல ஏமாற்றும். அது நன்றாகவே ஒளிரும். அதன் செல்களும் மெலனோமா செல்களும் எஸ்100, சாக்ஸ்10 என்ற இரண்டு சாயங்களையும் ஏற்கும் என்பதால் நுண்ணோக்கியின் கீழும் குழப்பம் வரலாம். மாதிரியை அனுப்பும்போது நோயாளிக்கு மெலனோமா இருந்தது, கட்டி நரம்பை ஒட்டியிருக்கிறது என்ற இரண்டையும் எழுதி அனுப்ப வேண்டும்.

மூளை எம்ஆர்ஐயில் "மெனிஞ்சியோமா" என்கிறார்கள்.

மூளை உறையில் மெதுவாக வளரும், பெரும்பாலும் தீங்கற்ற கட்டி. சிறியதாக, அறிகுறி இல்லாமல் இருந்தால் அடுத்தடுத்த எம்ஆர்ஐகளில் கவனித்தாலே போதும். கவெர்னோமா (மூளையில் ரத்தநாளங்கள் கொத்தாகத் திரண்ட கட்டி) என்று எழுதியிருந்தால் கூடுதல் கவனம் தேவை. அதில் பழைய ரத்தக்கசிவு தெரியும். மெலனோமா பரவலும் ரத்தம் கசியும் இயல்புடையது. ஓரிரு மாதத்தில் மீண்டும் எம்ஆர்ஐ எடுத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

இம்யூனோதெரபி தொடங்கிய பிறகு எடுத்த ஸ்கேனில் புதிது புதிதாக ஒளிர்கிறது. மருந்து வேலை செய்யவில்லையா?

நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப், இபிலிமுமாப் போன்ற மருந்துகள் நோயெதிர்ப்பு அணுக்களைத் தட்டி எழுப்புகின்றன. எழுந்தவை கட்டியை மட்டும் தாக்காமல் மற்ற உறுப்புகளிலும் அழற்சியை ஏற்படுத்தலாம். அதுவும் பெட்டில் ஒளிரும். தைராய்டு முழுவதும், பெருங்குடல் நெடுக, மூட்டுகளைச் சுற்றி, நுரையீரலில் திட்டுத்திட்டாக என்று அது தெரியும் விதமே வேறு. சில நேரம் ஸ்கேன்தான் முதல் எச்சரிக்கை. வயிற்றுப்போக்கு, வறட்டு இருமல், மூச்சு வாங்குதல் இருந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் அன்றே தெரிவியுங்கள்.

மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி வீங்கியிருப்பதாக எம்ஆர்ஐ சொன்னால், அதிலும் தலைவலியும் தாங்க முடியாத சோர்வும் இருந்தால், உடனே கார்ட்டிசாலும் தைராய்டு அளவுகளும் பார்க்க வேண்டும். இரண்டும் குறைந்திருந்தால் முதலில் ஹைட்ரோகார்ட்டிசோன், பிறகுதான் தைராக்ஸின். மாற்றிக் கொடுத்தால் உடல் நிலைகுலைந்துபோகும்.

அடிக்கடி தவறாகப் படிக்கப்படும் இன்னொன்று, நெஞ்சின் நடுவிலும் இரு நுரையீரல் வாயில்களிலும் நிணநீர் முடிச்சுகள் ஒரே சீராகப் பெருத்து ஒளிர்வது. தோலில் இருந்த கட்டிகள் சுருங்கிக்கொண்டிருக்க, இவை மட்டும் இரு பக்கமும் சமச்சீராக வளர்ந்தால், சார்காய்டு (நிணநீர் முடிச்சுகள் அழற்சியால் பெருக்கும் நோய்) போன்ற எதிர்வினையாக இருக்க வாய்ப்பு அதிகம். காசநோயும் இப்படி வரலாம். மூச்சுக்குழாய்க்குள் செலுத்தும் அல்ட்ராசவுண்ட் கருவி வழியாக ஊசி போட்டு உறுதிசெய்யாமல், "நோய் முற்றுகிறது" என்று பலன் தரும் மருந்தை நிறுத்துவது நோயாளிக்கு ஏற்படுத்தும் பெரிய இழப்பு.

சிகிச்சையின் தொடக்கத்தில் கட்டியே வீங்கிப் பிறகு சுருங்குவதும் உண்டு. இது சிறுபான்மையினரிடம் மட்டுமே நடக்கும். 10 சதவீதத்துக்கும் குறைவு. இதற்காகவே 2017இல் வந்த ஐரெசிஸ்ட் அளவுகோல், முதல் வளர்ச்சியை "உறுதியாகாதது" என்று குறித்து 4 முதல் 8 வாரத்தில் மறு ஸ்கேன் எடுக்கச் சொல்கிறது. நோயாளி நன்றாக இருந்தால் மட்டுமே இந்தக் காத்திருப்பு பொருந்தும். எடை குறைந்து, வலி கூடி, ரத்தத்தில் எல்டிஎச் என்ற நொதி ஏறிக்கொண்டிருந்தால் அது உண்மையான வளர்ச்சிதான் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

அக்குளில் முடிச்சு ஒளிர்கிறது. பத்து நாளுக்கு முன் தடுப்பூசி போட்டேன்.

ஊசி போட்ட கையின் பக்கமே ஒளிர்ந்தால் தடுப்பூசி காரணமாக இருக்கலாம். எந்தக் கை, எந்தத் தேதி என்று ஸ்கேன் படிவத்தில் எழுதுங்கள். இனி போடும்போது மெலனோமா இருந்த பக்கத்துக்கு எதிர்க் கையில் போட்டுக்கொள்ளுங்கள். சிகிச்சை தாமதமாகாது என்றால் ஸ்கேனை 4 முதல் 6 வாரம் தள்ளி வையுங்கள். அதே கையில்தான் மெலனோமாவும் இருந்தது என்றால் தடுப்பூசிமேல் பழிபோட்டு நிறுத்தக்கூடாது. அல்ட்ராசவுண்டில் பார்த்துவிட வேண்டும்.

பொய்யான ஒளிர்வைக் குறைக்க ஸ்கேனுக்கு முன் நான் என்ன செய்யலாம்?

பெட்-சிடிக்கு முன் 6 மணிநேரம் சாப்பிட வேண்டாம். சர்க்கரை கலக்காத தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். 24 மணிநேரத்துக்குக் கடினமான உடற்பயிற்சி கூடாது. உழைத்த தசைகள் ஒளிரும். ரத்த சர்க்கரை 200 மி.கி./டெ.லி.க்குக் கீழே இருக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்து இன்சுலினை எஃப்டிஜி ஊசிக்குச் சற்று முன் போட்டால் எஃப்டிஜி எல்லாம் தசைக்குள் போய்விடும். நேரத்தை மையத்திடம் கேளுங்கள். மெட்ஃபார்மினை 48 மணிநேரம் நிறுத்துவதா என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும். குளிரில் நடுங்கினால் கழுத்திலும் தோளிலும் உடலுக்குச் சூடு தரும் பழுப்புக் கொழுப்பு ஒளிரும்; கம்பளி கொண்டு போங்கள். ஊசி போட்டபின் சுமார் ஒரு மணிநேரம் பேசாமல், மெல்லாமல் அமைதியாகப் படுத்திருங்கள்.

எப்போது பயாப்ஸி (திசு எடுத்துப் பரிசோதிப்பது) கட்டாயம்?

முடிவு சிகிச்சையை மாற்றும் என்றால். அந்த ஒற்றை இடம் பரவலா இல்லையா என்பதை வைத்து நோய்நிலை மூன்றா நான்கா என்று மாறும், அறுவையா மருந்தா என்று மாறும் என்றால், படத்தை மட்டும் நம்பக் கூடாது. ஏற்கெனவே பத்து இடத்தில் உறுதியான பரவல் இருக்கும்போது பதினோராவது புள்ளியைக் குத்திப் பார்ப்பதில் பயனில்லை.

மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும்?

"இது மெலனோமாவா, வேறு நோயா, ஒன்றுமில்லாததா? உங்கள் கணிப்பு எது?" என்று நேரடியாகக் கேளுங்கள். பழைய படங்களோடு ஒப்பிட்டார்களா என்று கேளுங்கள். வேறு மையத்தில் எடுத்திருந்தால் அறிக்கைத் தாள் போதாது, படங்கள் அடங்கிய குறுந்தட்டையே கொண்டு போங்கள். பல வருடத்துக்கு முன் வயிற்றுவலிக்கு எடுத்த சிடிகூடப் பல பரிசோதனைகளை மிச்சப்படுத்தும். மறு ஸ்கேன் என்றால் எந்தத் தேதி, எந்த வகை, யார் எழுதித் தருவார் என்பதைக் கையோடு குறித்துக்கொள்ளுங்கள்.

எதிர்பாராத கண்டுபிடிப்புகள் தொலைந்துபோவது பெரும்பாலும் இந்தக் கடைசி இடத்தில்தான். புற்றுநோய் மருத்துவர் தைராய்டைப் பொது மருத்துவர் பார்ப்பார் என்று நினைக்கிறார். பொது மருத்துவருக்கு அந்த அறிக்கையே போய்ச் சேருவதில்லை. "முடிவுரை" பகுதியில் இடம்பெறாமல் அறிக்கையின் நடுவில் ஒற்றை வரியாகக் கிடக்கும் கண்டுபிடிப்புகளும் உண்டு. முழு அறிக்கையையும் வாங்கி, "பரிந்துரை", "பின்தொடர்க" என்று வரும் ஒவ்வொரு வரியையும் அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான மருத்துவரின் பெயரைப் பக்கத்தில் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.